ஷேர் ஆட்டோவில் ஒரு தமிழ்ப் பாடம்

எங்கள் காட்டுப்பாக்கம் கிறிஸ்தவ சபைக்கு இரண்டு வார ஊழியமாக, பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பள்ளி ஆசிரியையான நான்தான் மொழிபெயர்த்தேன். ஆங்கிலம் பேசச் சொன்னால் மாணவிகள் வாயே திறக்கவில்லை.

"தப்பாப் பேசுனா சிரிப்பாங்க மிஸ்" என்றாள் ஒருத்தி.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மையார், அவளிடமே ஒரு தமிழ் வாக்கியம் கற்றுக்கொண்டு, எல்லோரையும் சாலைக்கு அழைத்துப்போய் ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். "பூந்தமல்லி போவீங்களா?" என்பது அவர் வாயில் என்னவோ ஆகிவிட்டது.

"இன்னாம்மா சொல்றே? எங்க போணும்?" என்றார் ஓட்டுநர். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மையாரும் சேர்ந்து சிரித்தார். விடாமல் மறுபடி சொன்னார். மூன்றாம் முறை ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில், 'சிரிப்பாங்க' என்று சொன்ன அந்தப் பெண்தான் முதலில் எழுந்து, தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினாள். பதினைந்து வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இப்படியொரு வழி தோன்றியதே இல்லை.