மஃரிப் பாங்கும் வாப்பாவின் கையும்

கடந்த வியாழக்கிழமை வாப்பாவைக் கல்முனையில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வாப்பாவின் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. நான்கு மாதங்களுக்கு முன் அதைக் கண்டவர் இவர்தான். “வெத்தில, பாக்கு, பொயில எல்லாத்தையும் விடுங்க. விடாட்டி இது புற்றுநோயாகலாம்” என்றார்.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். வயிறு நிறைந்த பிறகும் ஓர் எலி ஏன் விசையை அழுத்துகிறது? ஏழு வருடங்களாக இதுதான் என் ஆய்வு. மூளையில் ‘பிடிக்கிறது’ என்பதற்கு ஒரு பாதை. ‘வேண்டும்’ என்பதற்கு வேறொன்று. அடிமைப்பட்டவருக்கு இரண்டாவது மட்டும் பெருத்துக்கொண்டே போகும்.

இவ்வளவும் தெரிந்தவள் என்ன செய்தேன்? பட்டியல் போட்டேன். ஒன்று: வெற்றிலை வைக்கும் வட்டாவை ஒளிப்பது. இரண்டு: வாப்பாவின் சட்டைப்பையில் ஏலக்காய். மூன்று: கடைக்காரரிடம் சொல்லிவைப்பது.

மூன்று நாளில் பட்டியல் தோற்றது. ஏலக்காயையும் புகையிலையோடு சேர்த்தே மென்றார் வாப்பா.

அப்போதுதான் றமழான் வந்தது. பகல் முழுக்க அவர் வெற்றிலையைத் தேடவே இல்லை.

“தவிக்கல்லயா வாப்பா?”

“நோன்புல எப்பிடி மகள் தவிக்கும்? இல்ல எண்டா இல்லதானே.”

கிடைக்காது என்று மூளை உறுதியாக நம்பிவிட்டால் ஏக்கம் அடங்கிக் கிடக்கும். எனக்கு மகிழ்ச்சி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போட்டவருக்கு இப்போது ஒன்றே ஒன்று — மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டு நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, உம்மா மடித்துக் கொடுப்பது. அதற்கு நானே சம்மதித்தேன். பெருநாளுக்குப் பின் விரும்பியவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பையும் பிடிக்கவைத்தேன்.

பிறகு, நோன்பில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. இனி அந்த ஒன்றும் இல்லை என்று வாப்பா வாக்குத் தந்த நாள். பகல் நன்றாகவே போனது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்தது... வாப்பாவின் கை வட்டா இருந்த பக்கம் நீண்டது.

“என்ன வாப்பா இது?”

“நான் இல்ல மகள். கைதான் போகுது.”

உம்மாவுக்குச் சிரிப்பு. “எலிக்கு மணியடிச்சிப் பழக்கிற எண்டு சொன்னாய்தானே? வாப்பாக்குப் பாங்கால பழக்கிட்டாய்!”

உண்மைதான். நாள் முழுக்கச் சிதறிக் கிடந்த ஆசையைத் திரட்டி, ஒரே ஓசையில் கட்டிவைத்தது நான். எந்த எலிக்கும் இவ்வளவு கச்சிதமாகச் செய்ததில்லை.

பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு வரி எழுதினேன்: பாங்குக்குக் கால் மணி நேரம் முந்தி வாப்பா பள்ளிக்குப் போகவேண்டும். பாங்கு கேட்கும்போது அவர் முன் வரிசையில் இருப்பார். அங்கே வெற்றிலை வரும் என்று எந்த மூளையும் எதிர்பார்க்காது.

அன்றிலிருந்து வாப்பா வெற்றிலையை வாயில் வைக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். “கூடல்ல. கொஞ்சம் குறைஞ்சும் இரிக்கு. இப்பிடியே இருங்க. ஆனா செக் பண்ண வராம விட்டிராதீங்க.” வாப்பா வரும் வழியில் கண்ணை இரண்டு தடவை துடைத்தார்.

அன்று மாலையும் வாப்பா நேரத்தோடு பள்ளிக்குப் போய்விட்டார். பாங்கு ஒலித்தது. வீட்டுக்கு வருபவர்களுக்காக வைத்திருக்கும் வட்டாவின் முன்னால் உம்மா. காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வெற்றிலையை மடித்து ஓரமாக வைத்தா.

உம்மா வெற்றிலை போடுவதில்லை.

“ஆருக்கு உம்மா?”

உம்மா தன் கையைப் பார்த்தா. “அல்லாஹ்... முப்பது வருசமா மடிச்ச கை மகள்.”

என் பட்டியலில் நான் எழுதியிருந்தது ஒரு மூளையை மட்டும்தான்.