நிரை காட்டிய கண்

லிந்துலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறும் ரோட்டில் பாதி தூரம் நடந்த பிறகுதான், பின்னால் யாரும் துரத்தி வரவில்லை என்பது உறுதியானது. அன்று நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வருகிற நாள். பிறந்ததிலிருந்து என் இடது கண் மூக்கைப் பார்த்தே நின்றது. பதினாலு வயதில் அதை நேராக்கிக்கொள்ளத்தான் சொல்லாமல் கிளம்பியிருந்தேன்.

சொன்னால் விடமாட்டார்கள். மாறுகண் யோகக் கண் என்று எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் நம்பிக்கை. காலையில் கொழுந்தெடுக்கத் தேயிலைச் செடி வரிசையில் ஆளுக்கொரு நிரை பிடிக்கும்போது, யாராவது ஒருத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, நல்ல நிரையைக் காட்டச் சொல்வாள். நான் விரலை ஒரு பக்கம் நீட்டுவேன். அவள் என் கண் போன பக்கம் போவாள். கூடை நிறைந்தால் கண்ணுக்கு நல்ல பெயர். நிறையாவிட்டால் விரல் குழப்பிவிட்டது என்று எனக்குத் திட்டு.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் மருந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இப்பவே காட்டினால் சரிவரும்" என்று அம்மாவிடம் சொன்னார். சாயங்காலமே வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"கண்ண நேராக்கிப்புட்டா எங்களுக்கு நிரை காட்டுறது யாரு?" என்றாள் லயத்தில் அடுத்த காம்பிரா வீட்டு அத்தை.

"அவன் எங்க பாக்குறான்னு பெத்த எனக்கே புரியல" என்றாள் அம்மா.

"ஒனக்கு எதுக்குப் புரியணும்? எங்களுக்குப் புரியுதுல்ல."

பேச்சு அத்தோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைப் பார்த்தால், ஜன்னலைப் பார்க்கிறேன் என்று அடித்தார். ஜன்னலைப் பார்த்தாலும் அடித்தார். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வலது கண்ணை அட்டையால் மூடி, விரல்களைக் காட்டினார். எனக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது. அவர் சிங்களத்தில் சொன்னதை அங்கிருந்த ஆஸ்பத்திரி ஆள் தமிழில் சொன்னார்.

"இத்தன வருசம் எங்க இருந்தன்னு கேக்குறாரு."

"லிந்துலையில."

"சின்னதுல வந்திருக்கணுமாம். அந்தக் கண்ணுக்குப் பார்வ இனிமே வராது. வெட்டித் தச்சு நேரா நிறுத்தலாம். அதுக்குக் கொழும்புக்குப் போகணும்."

"பாக்காத கண்ணு நேரா நின்னு என்னங்க செய்யும்?"

"நீ எங்க பாக்குறேன்னு ஒங்கிட்ட பேசுறவன் திரும்பித் திரும்பிப் பாக்க மாட்டான்."

எனக்கு அது போதும் என்று பட்டது. ஆனால் கொழும்பில் ஒருவரையும் தெரியாது, போகவும் வழியில்லை. குளிரில் மார்க்கெட் ஓரம் சாக்குக்குள் படுத்துக்கொண்டேன்.

காலையில் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் டிரைவர் எரிச்சலோடு பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குடா லாரிய மொறைக்கிற?"

"ஒங்களத்தாண்ணே பாக்குறேன்."

அவர் இரண்டடி தள்ளி, லாரிப் பக்கமாக நின்றார். "இப்ப?"

"அப்பவும் ஒங்களத்தான் பாத்தேன்."

பீடிப் புகை புரையேறச் சிரித்தார். "க்ளீனர் பய வரல. கொழும்பு வரைக்கும் வர்றியா?"

அவர் கேட்டு முடிக்குமுன் மூட்டைமேல் ஏறிவிட்டேன். பின்னால் பார்த்துக்கொண்டிருந்து, வண்டி வந்தால் டிரைவருக்குக் கேட்க லாரிப் பலகையைத் தட்ட வேண்டும். அதுதான் வேலை.