ராகு காலத்தில் வந்த ரிப்போர்ட்

நெதர்லாந்துக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. ஆனாலும் என் கைப்பையில் திருச்சி நம்பர் போட்ட பழைய போன் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அலுவலகத்தில் நான் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். அது டிங்கென்று ஒரு ஓடிபியைத் துப்பும். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அர்த்தம். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் என் அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கவுன்ட்டரில் நம்பர் கேட்டபோது தன்னுடையதை விட்டுவிட்டு என்னுடையதைக் கொடுத்துவிட்டாள். "எனக்கு அந்த ஆப் எல்லாம் ஓடாதுடி. நீ பாத்துச் சொல்லு, போதும்." அதனால் அவள் உடம்புச் சமாச்சாரமெல்லாம் கடல் தாண்டி என்னிடம் வந்துவிட்டுத்தான் அவளிடம் போகும். இந்த ஏற்பாடு எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே அவரவர் ரிப்போர்ட் அவரவர் போனில். என் ரத்தப் பரிசோதனை முடிவு முதல் தடவை டச்சு மொழியில், சிவப்பு ஆச்சரியக்குறியோடு வந்தபோது அலறியடித்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா நிதானமாக, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். அடப்பாவமே, இவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்! இங்கே பேச்சை அப்படித்தான் ஆரம்பிப்பார்களாம். எனக்கு இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த செய்தி அப்படிப்பட்டதல்ல. அக்காவின் மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் தயார் என்று வந்ததும் உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"மணி என்ன? மூணே கால். ராகு காலம்டி. நாலரைக்கு மேல பாக்கலாம்."

"அக்கா, எழுதியாச்சு அதுல. ராகு காலம் போனா மாறிடுமா?"

"மாறாது. ஆனா நான் அதுக்கப்புறம்தான் கேப்பேன். நீயும் தொறக்காதே."

சரி என்றேன். இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை, ஓடிபியை வரவழைத்துத் திறந்துவிட்டேன். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். கடைசி வரியில், புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. அலுவலகச் சமையலறையில் நின்று ஓவென்று அழுதேன். கூட வேலை பார்க்கும் மரைக்கே பதறிப்போய், "கெட்ட செய்தியா?" என்றாள்.

"நல்ல செய்தி. ஆனால் பன்னிரண்டு மணி வரை வெளியே சொல்லக் கூடாது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனியை விற்கிறார்களா?"

இங்கே பன்னிரண்டு, அங்கே நாலரை. அக்காவைக் கூப்பிட்டு, அப்போதுதான் பார்ப்பவள் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் வேண்டுமென்றே தடுமாறவும் செய்தேன். அவள் கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நடிச்சது போதும்டி. எப்பவோ பாத்துட்டே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னால பொறுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? கெட்டதா இருந்தா ராகு காலமாவது ஒண்ணாவதுன்னு அப்பவே கூப்பிட்டிருப்பே. நாலு மணி வரைக்கும் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ கூப்பிடல. எந்திரிச்சுப் போய் காபி போட்டுக் குடிச்சேன்."

அலுவலகத்தில் எல்லோரும் மதிய ரொட்டிக்கு உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் சாயங்காலக் காபி குடிக்க வேண்டும்போல் இருந்தது.