நேஷனாலிட்டி வீட்டுப் பெண்

பிளஸ் டூவில் எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் படிப்பை நிறுத்தினார்கள். காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண், அம்மா படுத்த படுக்கையானதும் நின்றுவிட்டாள். இன்னொருத்தியை அவள் அண்ணன் நிறுத்தினான். அவனே பத்தாவதைத் தாண்டாதவன். இவர்கள் இருவருக்காகவும் நான் உச்சுக் கொட்டினேன். மூன்றாமவள் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது.

அவள் என் பெஞ்சுக்காரி. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர். வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் பாதியில் படிப்பை விட்டால் புதுச்சேரியில் யாரும் ஏனென்று கேட்பதில்லை. பிரான்சுக்குப் போகிறான் என்றால் பேச்சு முடிந்தது. பெண்கள் கதை வேறு. அப்படி ஒருத்தியைக் கட்டுகிறவனும் அவள் தயவில் பிரான்சுக்குப் போகலாம். அதனால் அவளுக்குப் பதினெட்டு முடியட்டும் என்று ஊரே காத்திருக்கும். சீர்வரிசையைக்கூட மாப்பிள்ளை வீட்டாரே கொண்டுவந்து இறக்குவார்கள்.

என் அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை. எங்களிடம் இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான். என்னை அவசரமாகக் கேட்டு வர யாரும் இல்லாததால்தான் வீட்டில் படிக்க விட்டிருந்தார்கள். அது பிற்பாடு புரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அவள் மேல் வீசிய சென்ட் வாசனையும் அவள் மாமா கொண்டுவரும் சாக்லெட்டும்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கணக்கிலும் அவள்தான் முதல். ஒவ்வொரு பரீட்சையிலும் இரண்டாவதாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குக் கை கொடுத்திருக்கிறேன்.

ஜனவரியில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. மாப்பிள்ளை அரியாங்குப்பம். கல்யாணம் பிப்ரவரியில், பரீட்சை மார்ச்சில். நிச்சயம் முடிந்த மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“அப்பாகிட்ட சொல்லிப் பார்த்துட்டேன்டி. அங்க போயி பிரெஞ்சுதான பேசப்போற, இந்தப் பரீட்சை எதுக்குன்றாரு. நம்ம மிஸ் ஒரு வாட்டி வந்து பேசினா கேட்டுப்பாரு. அவங்க மேல அவருக்கு மரியாதை. திங்கக்கிழமை மறக்காம சொல்லிடு. பரீட்சை எழுதிட்டுப் போறேன், அது போதும் எனக்கு.”

“சொல்றேன்டி,” என்றேன். கூடத்தில் பரப்பி வைத்திருந்த பட்டுப்புடவைகள் சமையலறையிலிருந்தே தெரிந்தன. அத்தனையும் அவளுக்கு.

வழி நெடுக சைக்கிளை ஆத்திரத்தோடு மிதித்தேன். பாரிசும் வேண்டும், பட்டும் வேண்டும், முதல் ரேங்க்கும் வேண்டுமா? எல்லாம் இவளுக்கேவா?

திங்கட்கிழமை மிஸ் தானாகவே கேட்டார்.

“உன் ஃபிரெண்டு ஏம்மா வர்றதில்ல?”

“அவ பிரான்சுக்குப் போறா மிஸ். இனிமே படிப்பு வேணாம்னுட்டா. ரொம்ப சந்தோஷமா இருக்கா.”

“குடுத்து வெச்சவ,” என்று சொல்லிவிட்டு மிஸ் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வருடம் நான்தான் முதல் ரேங்க்.

இப்போது நானும் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இடைநின்ற பிள்ளைகளின் பட்டியலை வருடாவருடம் நான்தான் எழுதுகிறேன். ஆண்கள் தனி, பெண்கள் தனி, சாதிப் பிரிவு தனி. காரணத்துக்கு ஒரே ஒரு சின்னக் கட்டம்.

போன வருடம் பிரான்சிலிருந்து லீவில் வந்தவள் என் வீட்டைத் தேடி வந்தாள். அங்கே ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாளாம். கைகள் காய்ப்பேறியிருந்தன. அப்போதும் என் கண் அவள் மகள் மேல்தான் இருந்தது. என் மகளைவிட உயரம், என் மகளைவிடக் கலர், தடதடவென்று பிரெஞ்சு. எனக்குப் புத்தியே வராது.

“எங்க வேலை கேட்டாலும் ஸ்கூல் முடிச்சியான்னுதான் முதல்ல கேக்கறாங்க,” என்றாள். “அன்னைக்கு மிஸ் வந்து ஒரு வார்த்த பேசியிருந்தா நானும் உன்ன மாதிரி ஆயிருப்பேன். நீ சொன்னல்ல?”

“சொன்னேன்டி. ரெண்டு வாட்டி சொன்னேன்.”

“அப்பவும் வரல பாரு. மனசே இல்லாத பொம்பள.”

“ஆமாம்,” என்றேன். “அவங்க அப்படித்தான்.”