பிடி விட்ட புழு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பிடிவாதக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வீட்டிலோ கணவன் இன்னும் ஒரு படி மேல். "புழுக்காரி வந்தாச்சா? கைய கழுவிட்டு உள்ள வா" என்றுதான் கதவைத் திறப்பான். பஸ் ஓட்டுகிறவன். வண்டிக்கு இருக்கிற பிரேக் வாய்க்கு இல்லை.

புழுக்காரிதான், யார் இல்லை என்றது? படித்து முடித்த நாளிலிருந்து ரத்தக்குழாய்க்குள் குடித்தனம் நடத்துகிற புழுக்களோடுதான் அவள் காலம் ஓடுகிறது. அழுக்குத் தண்ணீரில் நிற்பவனின் தோலைத் துளைத்து உள்ளே போய், குழாய்ச் சுவரை உறிஞ்சுவாயால் கவ்விக்கொண்டு, வருடக்கணக்கில் நகராத சனியன்கள். அவள் தம்பி வாய்க்காலில் தூர் வாருகிறவன். மாத்திரை போடுவான், தேறுவான், மறுபடி தண்ணீரில் இறங்குவான், மறுபடி வரும். இந்த முறை மாத்திரை போட்டும் வீங்கிய வயிறு வற்றவில்லை. இந்தப் புழுவுக்கென்று உலகத்துக்கே இருக்கிற நல்ல மாத்திரை அது ஒன்றுதான். அதுவும் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

அவள் நம்பியிருந்தது ஒரு புரதத்தை. புழுவின் நரம்பு செரோடோனின் என்ற சரக்கைத் தெளித்துத்தான் தசையிடம் 'அசை' என்று சொல்கிறது. சொல்லி முடித்ததும் சிந்தியதையெல்லாம் அள்ளி உள்ளே கொண்டுபோக வாசலில் ஒரு கடத்திப் புரதம் நிற்கும். அந்த அள்ளுகிற ஆளைக் கட்டிப்போட்டால், 'அசை' என்ற கட்டளை ஓயவே ஓயாது. அதற்கென்று ஒரு மருந்துச் சரக்கைத் தேடிப்பிடித்துப் புழுக்கள் மேல் விட்டாள்.

புழுக்கள் சாகவில்லை. ஆட்டமான ஆட்டம் போட்டன.

அந்த ஆய்வுக்கூடத்தில் சாயங்காலம் கேட்பது ஒரே கேள்விதான்: செத்துதா, இல்லையா? ஊசியால் தொட்டு அசைந்தால் மருந்து குப்பைக்கு. "மேடம், உங்க மருந்து புழுவுக்கு டானிக் போல" என்றாள் உதவியாளர். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மேசைய காலி பண்ணும்மா. வேற ஆளுக்கு இடம் வேணும். அந்தச் சரக்கையும் கொட்டிடு."

அவளுக்கு முகம் எரிந்தது. கோபத்தோடு கோபமாகத் தட்டைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டினாள். கொட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரோடு புழுக்களும் போய் விழுந்திருந்தன. எப்போதும் தட்டின் அடியைக் கவ்விக்கொண்டு கிடக்கும். பைப்பெட் என்கிற உறிஞ்சுகுழலால் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சித்தான் பெயர்க்க வேண்டும். இவையோ சாய்த்த சாய்ப்பிலேயே போய்விட்டன.

"அடப் பாவிகளா! பிடியில்லையா உங்களுக்கு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

மறுநாள் காலையில் மேசை காலியாகவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய்கள் இரண்டு அதன்மேல் தொங்கின. இரண்டிலும் சத்துநீர் ரத்த வேகத்தில் ஓடியது. ஒன்றில் சும்மா புழுக்கள், மற்றதில் மருந்து தின்றவை. தலைவர் வந்ததுமே குரலை உயர்த்தினார்.

"காலி பண்ணச் சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். இத பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

சும்மா புழுக்கள் சுவரைக் கவ்விக்கொண்டு மசியவில்லை. மருந்து தின்றவை ஆடிக்கொண்டே, ஒவ்வொன்றாக, கீழே இருந்த கிண்ணத்தில் வந்து விழுந்தன.

"உயிரோடதானம்மா விழுது?"

"விழட்டும் சார். ஓயாம ஆடுறது எப்படிக் கவ்வும்? நான் கொல்லவே வேணாம். பிடி விட்டா ரத்தம் அடிச்சுட்டுப் போய் ஈரல்ல தள்ளும். மீதிய உடம்பு பாத்துக்கும். நாமதான் இத்தன நாளா செத்துதான்னே பாத்துட்டு இருந்திருக்கோம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "இதே அள்ளுற புரதம் நம்ம மூளையிலயும் இருக்கு. புழுவ ஆட்டப்போய் மனுஷன ஆட்டிவெச்சா?"

"இருக்குதான். ஆனா புழுவோடது அச்சு அசல் நம்மளது மாதிரி இல்ல. எங்க வித்தியாசம்னு கண்டுபிடிச்சு அந்த இடத்துல மட்டும் பூட்டுப் போடணும். அதுக்குத்தான் இந்த மேசை வேணும்."

"பிடிவாதம் பிடிக்கிற."

"ஆமா சார். அதுங்க விட்டுடுச்சு, நான் விடல."

அவர் கிண்ணத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "வேற ஆளுக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டுத் தர்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். உதவியாளர் கைதட்டினாள். நேற்றுச் சிரித்தவளும் அவளேதான்.

தம்பிக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ மாத்திரை எப்பக்கா வரும்?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. "வருஷக்கணக்காகும்டா. வராமலும் போகலாம். ஆனா நான் விடமாட்டேன். நீ டாக்டர்கிட்ட போ, திரும்பவும் பழைய மாத்திரையப் போடு, தண்ணில இறங்காத. அதுவரைக்கும் பிடி விட்றாதடா" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

"நான் என்ன புழுவாக்கா, விடறதுக்கு? உன் தம்பி."