குன்றுக்குப் போன உத்தரவு

தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு ஒட்டுக்காது என்று பெயர். இணைப்பு கொடுத்ததும் விலகிக்கொள்ள வேண்டும், குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. அவள் பேசமாட்டாள், ஆனால் காதை எடுக்கவும் மாட்டாள். பக்கத்து சுவிட்ச்போர்டில் இருந்த நாத்தனார், "அண்ணி, உங்க காதுக்கு ஒரு பூட்டு போடணும்" என்பாள். உடனே குரலைத் தாழ்த்தி, "என்ன சொன்னாங்க?" என்றும் கேட்பாள்.

போர் வந்ததும் அந்தக் காதுக்கு நல்ல தீனி. படைக்கு இரண்டு கர்னல்கள். ஒருவர் நம்மவர். மற்றவர் நட்பு நாடு அனுப்பியவர். அவருக்கு இரவல் கர்னல் என்று பெயர் வைத்ததும் இவள்தான். யார் தலைமை என்று சொல்லாமல், ஆளுக்கொரு அறை கொடுத்துவிட்டு மேலிடம் கைகழுவிவிட்டது. இவருக்கு ஜீப் வந்தால் அவருக்கும் வேண்டும். இவர் கிழக்கே என்றால் அவர் மேற்கே. அடுத்து என்ன நடக்குமோ என்று அவளுக்கு ஒரே ஆவல்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கை பார்க்க முடியவில்லை. குன்றின் மேலிருந்த காவல்படையில் போன் பார்ப்பவன் அவள் கணவன். அவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று நம்மவரும், கூடவே கூடாது என்று இரவல் கர்னலும் மல்லுக்கு நின்றார்கள். அவள் நம்மவர் கட்சி.

அன்று காலை, எதிரி குன்றைச் சுற்றி வளைக்கிறான் என்று வேவுக்காரன் சொன்னதை அவளும் கேட்டாள். மதியம் சுவிட்ச்போர்டில் இரண்டு கர்னல்களின் விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. இருவருக்கும் குன்று வேண்டும். குன்றுக்கு இருப்பதோ ஒரே லைன். யோசிக்காமல் நம்மவருக்குக் கொடுத்தாள்.

"வேவுக்காரன் பேச்சக் கேட்டு அந்த ஆளு மனசு மாறிட்டான். இப்ப உங்கள எறங்கச் சொல்லப் போறான். எறங்கினா பேரு அவனுக்குப் போயிடும். அங்கேயே இருங்க."

நம்மவரே இப்படிச் சொன்னதும் அவள் பிளக்கைப் பிடுங்கி இரவல் கர்னலுக்குக் கொடுத்தாள். எறங்கி வாங்க என்று திக்கித் திக்கிச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"ஒருத்தர் இருங்கறாரு, ஒருத்தர் வாங்கறாரு. யாரு சொல்றத கேக்கறது?" என்றான் கணவன், யாரும் இல்லாத லைனில்.

"நான்தாங்க."

"நீயா?"

"சுத்தி வளைக்கிறாங்க. எல்லாரையும் கூட்டிட்டு எறங்கிடுங்க."

"கேப்டன் கேட்டா யாரு உத்தரவுன்னு சொல்ல?"

"தலைமைன்னு சொல்லுங்க."

இருட்டுவதற்குள் எல்லோரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள். வெறும் குன்றின் மேல் குண்டுகள் விழுந்தன. மறுநாள் இரு கர்னல்களும் மேலிடத்தைக் கூப்பிட்டு, அந்த உத்தரவு தன்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னார்கள். அவள் இருவருக்கும் வரிசையாக இணைப்பு கொடுத்தாள். பிறகு, கணவனின் கால் கொப்புளத்துக்குக் களிம்பு வாங்கப் போனாள்.