நிகத் கடையில் எதுவும் தங்காது

என் மனைவி நிகத்துக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத பிடிவாதம் உண்டு. ஒன்று, வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் விட்டுப்போன எதையும் கடையில் வைத்திருக்கக் கூடாது. இன்னொன்று, கட்டம் என்று ஒன்றைக் கண்டால் அதில் டிக் போட்டே தீர வேண்டும். "கட்டம் எதுக்கு மச்சான் வெச்சிருக்கான்? டிக் போடத்தானே?" என்பாள். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் ஆண், பெண் இரண்டுக்கும் டிக் போட்ட மகராசி. அவளிடம் நான் என்னத்தைச் சொல்வது?

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை விட்டுப் பிரியும் சந்தில் எங்கள் கடை. வாசலில் என் ரீசார்ஜ் மேசை, உள்ளே அவளுடைய பிரவுசிங் சென்டர். ஒருவர் எழுந்ததும் இவள் போய் உட்கார்ந்து, டெஸ்க்டாப்பில் கிடப்பதையெல்லாம் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகுதான் அடுத்தவரை உட்கார விடுவாள். "வயசுப் பொண்ணுங்க போட்டோ, பயோடேட்டா எல்லாம் வருது. நம்ம கடைல எதுவும் தங்கக் கூடாது." இந்த ஒரு குணத்துக்காகவே சிட்லபாக்கத்துப் பெண்கள்கூட தண்டவாளத்தைத் தாண்டி இங்கே வருவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். அவளிடம் சொன்னதில்லை; சொன்னால் தலைகால் புரியாது.

ஏஞ்சல் அப்படி வந்து பழகியவள். ஜெரோம் என்கிற பெயிண்டரின் மகள், சிவில் டிப்ளமோ முடித்தவள். கம்ப்யூட்டரில் அவள் வரைகிற வீட்டைப் பார்த்தால் இன்றைக்கே குடிபோய்விடலாம் என்று தோன்றும். ஆனால் இன்டர்வியூவில் யாராவது இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன இடமெல்லாம் அதனாலேயே தட்டிப்போனது. 2007-ல் துரைப்பாக்கத்துக் கட்டட கம்பெனி ஒன்றுதான், "முதல்ல வரைஞ்சதைக் காட்டுங்க, பேச்செல்லாம் அப்புறம்" என்றது. அவளுக்கென்றே திறந்த கதவு மாதிரி.

படங்களையெல்லாம் சுருக்கி ஒரே ஜிப் ஃபைலாக அனுப்பினாள். கம்பெனி மெயில் ஜிப்பை உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்பியது. போன் போட்டுக் கேட்டால், "வேர்டு விண்ணப்பத்துக்குள்ளயே ஜிப்பை வெச்சு அனுப்புங்க" என்றார்கள். உடனே நிகத் அக்காவிடம் ஓடி வந்தாள்.

அன்று வியாழக்கிழமை. நிகத் பென்டிரைவிலிருந்த ஜிப்பை டெஸ்க்டாப்பில் போட்டாள், வேர்டைத் திறந்தாள், இன்செர்ட், ஆப்ஜெக்ட் என்று போய் அந்த ஃபைலைக் காட்டினாள். அங்கே இரண்டு கட்டங்கள் இருந்தன. கேட்க வேண்டுமா? இரண்டிலும் டிக். விண்ணப்பத்தின் அடியில் அழகாக ஒரு ஐகான் வந்து உட்கார்ந்தது. அழுத்திப் பார்த்தார்கள், எல்லாப் படமும் திறந்தது. மெயில் போனது. ஏஞ்சல் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். நிகத் வழக்கம்போலத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடைக்குத் திரும்பினால், ஏஞ்சல் கண்ணெல்லாம் சிவந்து நிற்கிறாள்.

"அண்ணா, ஐகான் இருக்காம், தெறக்கவே இல்லியாம். அஞ்சு மணிக்கு உக்காந்து ஆள் எடுக்கப் போறாங்களாம்ணா. அதுக்குள்ள அனுப்புன்றாங்க."

"நேத்து தெறந்துச்சேடி! என் கண்ணால பாத்தேனே!" நிகத்துக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பவும் பென்டிரைவைச் செருகி, அதேபோலச் செய்தாள். அதே கம்ப்யூட்டரில் திறந்தது. டாகுமெண்டை மட்டும் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால், ஊஹூம். ஜிப் பெயரை மாற்றிப் பார்த்தாள். ஜிப் திறக்கிற சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினாள். "வைரஸா இருக்குமோ" என்று நான் வாயைத் திறந்தேன்.

"மச்சான், நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்க."

சரி, என் மரியாதை அவ்வளவுதான். டீயோடு திரும்பியபோது நிகத் இடுப்பில் கை வைத்து, பக்கத்துக் கம்ப்யூட்டர் காட்டிய தகவலை முறைத்துக்கொண்டிருந்தாள். டெஸ்க்டாப்பில் அந்த ஜிப் ஃபைலைக் காணோம் என்றது அது.

"இது எதுக்கு டெஸ்க்டாப்புல போய்த் தேடுது? ஜிப்புதான் டாகுமெண்ட் உள்ளயே கீதே?"

கோபம் வந்தால்தான் அவளுக்கு 'கீது' வரும். சட்டென்று டாகுமெண்ட் எவ்வளவு பெரிது என்று பார்த்தாள். இத்தனூண்டு! அத்தனை வீடு உள்ளே போயிருந்தால் இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? திரும்பவும் அந்தப் பெட்டியைத் திறந்து, கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தாள். ஒன்று ஐகானாகக் காட்டுவதற்கு. மற்றது, ஃபைலை உள்ளே வைக்காமல் அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வதற்கு.

"யா அல்லாஹ்! வூட்டை அனுப்பச் சொன்னா அட்ரஸை அனுப்பியிருக்கேன். அந்த அட்ரஸ்ல இருந்ததையும் நானே துடைச்சுப் போட்டிருக்கேன்!"

தலையில் அடித்துக்கொண்டாள், அடுத்த நொடியே சிரித்தாள். அந்த டிக்கை எடுத்தாள். தன் வாழ்க்கையில் ஒரு கட்டத்தை அவள் காலியாக விட்டதை நான் பார்த்தது அன்றுதான். டாகுமெண்ட் இப்போது ஊதிப் பெருத்தது. ஏஞ்சல் அனுப்பப் போனாள். நிகத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டெஸ்க்டாப்பிலிருந்த ஜிப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க?"

"இப்ப தெறக்கணும். தெறந்தாதான் உள்ள இருக்குன்னு அர்த்தம்."

ஐகானை அழுத்தினாள். வீடு வீடாகத் திறந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் திறந்தது. ஏஞ்சல் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது, யாரும் தொடவில்லை. ஐந்து அடிக்கச் சற்று முன் ஏஞ்சலின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏஞ்சலா? படமெல்லாம் தெறந்துடுச்சும்மா. அந்த மாடிப்படிக்கு அடியில ஜன்னல் வெச்சிருக்கியே, அது உன் யோசனையா?"

"ஆமா சார். அங்க உக்காந்து படிக்கலாம்னு…"

தமிழில் கேட்டார், தமிழில் சொன்னாள். ஜன்னலைப் பற்றி ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கடைசியில் அவரே சிரித்துவிட்டு, "திங்கக்கிழமை வந்து சேந்துடும்மா" என்றார். நிகத் ஓவென்று அழுதாள். ஏஞ்சல்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை மாலை ஜெரோம் மகளோடு கேக் வாங்கிக்கொண்டு வந்தார். கேக்கை வெட்டும்போது நிகத் தயங்கித் தயங்கி, "ஏஞ்சலு, அந்த டாகுமெண்டை மட்டும் நான் வெச்சிக்கட்டா?" என்று கேட்டாள்.

"நம்ம கடைல எதுவும் தங்கக் கூடாதுன்னுவீங்களேக்கா!"

"இது தங்கட்டும்டி."

இன்றும் காலையில் கடையைத் திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, அந்த ஐகானை அழுத்துவதுதான். வாசலில் ரீசார்ஜ் மேசையைத் துடைத்துக்கொண்டே நானும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

"மச்சான், தெறந்துடுச்சு!"